லொக்மாரியாக்கேரின் உடைந்த நெடுங்கல்: கல்லைப் புரிந்துகொள்ளக் கடலைப் பின்னால் தள்ள வேண்டும்

2025 ஜூலையில் பாரீஸில் கூடிய உலகப் பாரம்பரியக் குழுவின் 47-ஆவது கூட்டத்தொடர் நமக்குச் செஞ்சிக்கோட்டையால் நினைவிருக்கும். மராட்டியரின் 12 கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது அப்போதுதான். அதே கூட்டத்தொடரில் பிரான்சின் மேற்குக் கரையிலிருந்து இன்னொரு பெயரும் ஏறியது: கர்னாக், மொர்பியான் கரையோரப் பெருங்கற்சின்னங்கள்.

செய்தியோடு வந்த படங்களைப் பார்த்தவர்களுக்குச் சில கேள்விகள் எழுந்திருக்கலாம். 20 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு கல் நான்கு துண்டாகத் தரையில் கிடக்கிறது. இது எப்போதாவது நிமிர்ந்து நின்றதா? சற்றுத் தள்ளி ஒரு சிறு தீவில் கல்வளையம் ஒன்று பாதி கரையிலும் பாதி தண்ணீருக்குள்ளும் இருக்கிறது. கடலுக்குள் இறங்கி யார் கல் நட்டார்கள்? பக்கத்துத் தீவில், படகில்லாமல் போக முடியாத இடத்தில், இவ்வளவு பெரிய கல்லறையை எதற்குக் கட்டினார்கள்?

இந்தக் கேள்விகள் எல்லாமே இன்றைய கரையைப் பார்த்து எழுபவை. கற்களை நட்டவர்கள் கண்ட கரை வேறு.

முதலில் சொற்களும் ஊர்களும்

பெயர்களில் இரண்டு சிக்கல் உண்டு. இங்கே சொல்லும் கர்னாக் பிரான்சில் உள்ள சிற்றூர். எகிப்தின் கர்னாக் கோயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த ஊர் இருக்கும் பகுதி பிரிட்டனி, அதாவது பிரான்சின் வடமேற்கில் அட்லாண்டிக்குக்குள் மூக்கு நீட்டும் நிலப்பகுதி. இலங்கைத் தமிழ் வாசகர்கள் பிரித்தானியா என்று எழுதும் நாடு வேறு, இது வேறு.

பிரிட்டனி மக்களின் பழைய மொழி பிரெத்தோன். உலகம் முழுக்க இன்று புழங்கும் சில தொல்லியல் சொற்கள் அந்த மொழியிலிருந்து எடுத்தவை.

1. மென்ஹிர்: 'மென்' என்றால் கல், 'ஹிர்' என்றால் நீளம். நட்டுவைத்த ஒற்றை நெடுங்கல். நம் ஊரில் குத்துக்கல் என்றும் நெடுங்கல் என்றும் சொல்வது.

2. டோல்மென்: மேசைபோல, நிறுத்திய கற்களின்மேல் பலகைக்கல்லை மூடியாக வைத்துக் கட்டிய அறை. தமிழில் கல்திட்டை.

3. கற்குவை, மண்மேடு: கல்லறையின்மேல் கல்லையோ மண்ணையோ குவித்துக் கட்டிய மேடு.

4. மொர்பியான்: 'மோர்' கடல், 'பியான்' சிறியது. சின்னக் கடல். ஏறத்தாழ 1 கி.மீ. அகலமுள்ள ஒரு வாயின் வழியே மட்டும் அட்லாண்டிக்கோடு சேரும் உள்வளைகுடா அது. உள்ளே சிதறிக்கிடக்கும் தீவுகள் பல.

அந்த வாயின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் லொக்மாரியாக்கேர். கிழக்குப் பக்கம் ருயிஸ் தீபகற்பம். நாம் பேசப்போகும் கல் மேற்குப் பக்கத்தில் கிடக்கிறது.

சொல் பொருந்துவதால் ஆளும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டின் கல்திட்டைகளும் நெடுங்கற்களும் பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. மொர்பியானின் கற்களோ புதிய கற்காலத்தவை. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளி. பெரிய கல்லை நட்டு இறந்தவர்களை நினைக்கும் வழக்கம் உலகின் பல மூலைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

கிடக்கும் கல்

பிரெஞ்சில் இதைப் பெரிய உடைந்த மென்ஹிர் என்கிறார்கள். நான்கு துண்டுகளையும் சேர்த்தால் நீளம் 20.6 மீட்டர். எடை 280 முதல் 330 டன்வரை மதிப்பிடப்படுகிறது. அடிப்பகுதி மண்ணுக்குள் போக, தரைக்குமேல் 18 மீட்டர் அளவுக்கு நின்றிருக்கும். ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம் அது. இங்கிலாந்தின் கற்காலக் கல்வளையமான ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் சராசரியாக 25 டன் என்று நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். ஸ்டோன்ஹெஞ்சில் அந்தக் கற்கள் எழுந்ததற்கு ஏறக்குறைய 2,000 ஆண்டு முன்பே இந்தக் கல் எழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனியில் இன்றும் நிற்கும் கற்களில் மிக உயரமான கெர்லோவாஸ் கல் 9.5 மீட்டர்தான்.

நட்ட காலம் கி.மு. 4700-ஐ ஒட்டியது என்பது பொதுவான கணிப்பு. இந்தக் கணிப்பு எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கல்லுக்கு வயது பார்ப்பதில் பயனில்லை. பாறை உருவாகிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கும். நமக்கு வேண்டியது அதை நட்ட நாள். கல் நடக் குழி தோண்டுகிறார்கள், சுற்றிலும் முட்டுக்கற்கள் போட்டு இறுக்குகிறார்கள். அந்த மண்ணில் அடுப்புக்கரியோ எலும்போ கலந்துவிடும். அந்தக் கரியில் மிச்சமிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்துதான் காலத்தைச் சொல்கிறார்கள். பழைய கரி தற்செயலாகப் புதுக் குழியில் விழலாம், எலி வளை வழியாகப் புதுக் கரி பழைய குழிக்குள் இறங்கலாம். அதனால்தான் ஒரே ஒரு கரித்துண்டை நம்பாமல், பல மாதிரிகளை ஒப்பிட்டு நூற்றாண்டுக் கணக்கில் இடைவெளி விட்டுச் சொல்கிறார்கள்.

சரி, இது நின்றதுதானா? ஒரு காலத்தில், தூக்கும்போதே விழுந்து உடைந்திருக்கும், ஒருநாளும் நின்றிருக்காது என்று சொன்னவர்கள் உண்டு. 1980-களின் பிற்பகுதியில் ழான் லெல்குவாக் தலைமையில் நடந்த அகழாய்வு அந்தப் பேச்சை முடித்துவைத்தது. கல் நின்ற குழி கிடைத்தது. அதைவிட முக்கியமாக, அந்தக் குழியிலிருந்து வரிசையாக இன்னும் 18 குழிகள் கிடைத்தன. பெரிய கல்லிலிருந்து தள்ளிப்போகப் போகக் குழிகளும் சிறிதாகிக்கொண்டே போகின்றன. ஆக, இது தனிக்கல் அல்ல. உயரம் படிப்படியாகக் குறையும் ஒரு வரிசையின் தலைக்கல். மற்ற கற்கள் இன்று அங்கே இல்லை. அவை எங்கே போயின என்பதுதான் இந்தக் கதையின் சுவையான பகுதி. அதற்குப் பிறகு வருவோம்.

அன்றைக்குக் கடல் எங்கே இருந்தது

இங்கேதான் கடலைப் பின்னால் தள்ள வேண்டும்.

1. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. நீர் பனியாகக் கண்டங்களின்மேல் உறைந்து கிடந்தது.

2. பனி உருக உருகக் கடல் ஏறியது. முதலில் வேகமாக, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து மெதுவாக.

3. நெடுங்கல் எழுந்தபோது பிரிட்டனிக் கரையில் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் கீழே இருந்தது. பொதுவாகச் சொல்லும் அளவு 5 முதல் 7 மீட்டர்.

ஐந்து மீட்டர் என்றால் சின்ன அளவாகத் தோன்றும். செங்குத்தான பாறைக்கரையில் சின்ன அளவுதான். மொர்பியான் போன்ற ஆழமில்லாத, சமமான வளைகுடாவிலோ ஐந்து மீட்டர் இறங்கினால் படமே மாறிவிடும். இன்று சேறும் தண்ணீருமாகத் தெரியும் பரப்பில் பெரும்பகுதி அன்று புல்வெளி, சதுப்பு, ஆற்றுப்பள்ளத்தாக்கு. இன்றைய தீவுகளில் பல அன்று குன்றுகள். இன்று படகில் போகும் கவ்ரினிஸ் தீவுக்கு அன்று கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். தீவில் போய்க் கல்லறை கட்டியவர்கள் யாரும் இல்லை. ஆற்றைப் பார்த்த மேட்டில் கட்டினார்கள். பிற்பாடு கடல் வந்து மேட்டைச் சுற்றிக்கொண்டது.

எர் லானிக் இதைக் கண்ணால் காட்டும் இடம். கவ்ரினிஸுக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவு அது. அதில் குதிரைலாட வடிவில் இரண்டு கல்வளைவுகள், முதுகோடு முதுகு ஒட்டியதுபோல. வடக்கு வளைவின் ஒரு பகுதி புல்மேல் நிற்கிறது. அப்படியே சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் போகிறது. தெற்கு வளைவு முழுக்க நீருக்கடியில். 1866-இல் குஸ்தாவ் தெ க்ளோமதெக் என்ற மருத்துவர் இதை அடையாளம் கண்டார். 1923 முதல் 1926 வரை, கர்னாக்கைச் சேர்ந்த ஸகரி லெ ரூஸிக் தோண்டி ஆராய்ந்து, சாய்ந்துகிடந்த கற்களைத் திரும்ப நிறுத்தினார். யாரும் கடலுக்குள் கல் நடவில்லை. சரிவான நிலத்தில் நட்டார்கள். வளைவின் வரிசை நீர்க்கோட்டில் அறுபடாமல் தொடர்ந்து கீழே போவதே அதற்குச் சாட்சி.

இன்றும் அந்த இடத்தில் கடல் சும்மா இருப்பதில்லை. வளைகுடாவின் வாய் குறுகியது. உள்ளே இருக்கும் பரப்போ பெரியது. ஏற்றத்தின்போது அத்தனை நீரும் அந்த ஒரே வாய் வழியாக உள்ளே பாய வேண்டும், வற்றும்போது அதே வழியாக வெளியேற வேண்டும். வாயருகே கடல் ஏறி முடித்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வளைகுடாவின் மறுகோடியில் உள்ள வான் (Vannes) என்ற நகரத்துக்கு ஏற்றம் போய்ச் சேரும். எர் லானிக்கை ஒட்டி ஓடும் நீரோட்டத்துக்குப் பெண்குதிரை என்று பெயர். 9 நாட் வேகம், அதாவது மணிக்கு ஏறத்தாழ 17 கி.மீ.வரை, அளக்கப்பட்டிருக்கிறது. நம் கரையில் மீனவர்கள் நீவாடு என்று சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள்; அதன் மிக முரட்டு வடிவம் இது.

இதே பாடத்தைச் சொல்லும் இன்னொரு செய்தி 2025 டிசம்பரில் வந்தது. பிரிட்டனியின் மேற்கு முனையில் உள்ள சேன் தீவுக்கு அருகே, 9 மீட்டர் ஆழத்தில், சுமார் 120 மீட்டர் நீளமுள்ள கற்சுவர் ஒன்று கிடைத்தது. அதன்மேல் நட்ட கற்கள் வரிசையாக நிற்கின்றன. காலம் கி.மு. 5800-க்கும் 5300-க்கும் இடைப்பட்டது என்கிறார்கள். மீன்பிடிக்கும் தடுப்பா, கடலைத் தடுக்கும் சுவரா என்ற விவாதம் நடக்கிறது. எதுவாக இருந்தாலும், கடலோரத்தில் கனமான கல்லைக் கையாளும் திறமை லொக்மாரியாக்கேர் கல்லுக்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தக் கரையில் இருந்திருக்கிறது.

330 டன் எப்படி வந்தது

லொக்மாரியாக்கேரின் அடிப்பாறை கிரானைட். நெடுங்கல்லோ நைஸ் என்ற உருமாறிய பாறை. அதாவது இது அந்த ஊர்க் கல் அல்ல. பாறையின் தன்மையைப் பார்த்து, சுமார் 10 கி.மீ. தொலைவிலிருந்து, அநேகமாக ருயிஸ் தீபகற்பத்திலிருந்து வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அப்படியானால் ஒரு சங்கடம். ருயிஸ் கிழக்கே, லொக்மாரியாக்கேர் மேற்கே. நடுவில் வளைகுடாவின் வாய். கடல் ஐந்தாறு மீட்டர் இறங்கினாலும் வாயின் ஆழமான வாய்க்கால் வற்றாது; அங்கே 20 மீட்டருக்குமேல் ஆழம் உண்டு. எங்கோ ஓரிடத்தில் கல் தண்ணீரைக் கடந்தே தீர வேண்டும்.

தரையில் இழுப்பதைப் பற்றி நேரடிச் சோதனை ஒன்று இருக்கிறது. 1979-இல் பிரான்சின் பூகோன் என்ற இடத்தில் தொல்லியலாளர் ழான் பியேர் மொயென் 32 டன் கான்கிரீட் கட்டையைக் கயிறு, உருளை மரம், நெம்புகோல் மட்டும் கொண்டு நகர்த்திக் காட்டினார். தேவைப்பட்டவர்கள் 200 பேர். அதே விகிதத்தில் போட்டால் நம் கல்லுக்கு 2,000 பேர். அத்தனை பேர் ஒரே கல்லைப் பிடித்து இழுக்க இடமும் கயிறும் ஒழுங்கும் வேண்டும் என்பதால் கணக்கு அவ்வளவு நேராக இருக்காது, மாடுகளையும் பூட்டியிருக்கலாம். வேலையின் பருமன் என்ன என்பதற்கு இது ஒரு குறி, அவ்வளவுதான்.

தண்ணீரில் கொண்டுவருவதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் தோராயமானவை, ஆனால் விஷயம் விளங்கும்.

1. நைஸ் பாறை ஒரு கன மீட்டர் 2.7 டன். 330 டன் கல்லின் கனஅளவு சுமார் 122 கன மீட்டர்.

2. ஒரு கன மீட்டர் மரம் 0.6 டன் எடை என்று வைத்தால், கடல்நீரில் அது இன்னும் 0.4 டன் சுமையைத் தாங்கும்.

3. கல்லைத் தெப்பத்தின் மேலே ஏற்றினால் 330 டன்னுக்கு 800 கன மீட்டருக்குமேல் மரம் வேண்டும்.

4. கல்லைத் தெப்பத்துக்கு அடியில், நீருக்குள் தொங்கும்படி கட்டினால், கல் தன் கனஅளவுக்குச் சமமான நீரை விலக்கும். அதனால் எடையில் 125 டன் குறையும். மிச்சம் 205 டன். மரம் 500 கன மீட்டரை ஒட்டிப் போதும்.

தெப்பத்துக்குக் கீழே கட்டுவதில் இன்னொரு வசதி, ஓதம். இந்தக் கரையில் பெரிய ஓதத்தின்போது கடல் 4 மீட்டருக்குமேல் ஏறி இறங்கும். வற்றலில் கல்லின்மேல் தெப்பத்தைக் கட்டிவிட்டால், ஏற்றம் வந்து தானே தூக்கும். 330 டன்னைத் தூக்க மனிதக் கை தேவையில்லை. இப்படித்தான் செய்தார்கள் என்று காட்ட எந்தத் தெப்பமும் மிஞ்சவில்லை. ஆனால் இந்த நீரோட்டங்களோடு நாள்தோறும் வாழ்ந்தவர்களுக்கு, எந்த நாளில், எந்த நேரத்தில் நீர் நிற்கும், எப்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்பது உள்ளங்கை ரேகைபோலத் தெரிந்திருக்கும். இந்தக் கல்லை நகர்த்தியதில் தோள்பலத்துக்குச் சமமாகக் கடலறிவும் வேலை செய்தது என்பது என் முடிவு.

ஏன் விழுந்தது

1727-இல் தெ ரொபியான் என்ற பிரிட்டனி அறிஞர் இந்தக் கல்லை வரைந்து வைத்தார். படத்தில் அது இன்று கிடப்பதுபோலவே உடைந்து கிடக்கிறது. எனவே அதற்குப் பிந்திய எந்தப் பேரிடரோடும், 1755 லிஸ்பன் நிலநடுக்கம் உட்பட, முடிச்சுப் போட முடியாது. பேசப்படும் விளக்கங்கள் இவை:

1. நிலநடுக்கம். கல் கிடக்கும் விதம் விசித்திரமானது. அடித்துண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மேல்துண்டுகள் மூன்றும் வேறு திசையில் வரிசையாக விழுந்திருக்கின்றன. ஒரே திசையில் கயிறு கட்டி இழுத்தால் இப்படி விழுமா என்று கேட்பவர்கள், அதிர்வால்தான் இப்படிப் பிரிந்து விழும் என்கிறார்கள். கணினி மாதிரிகளும் இதற்கு ஆதரவாக உண்டு.

2. மனிதர்களே வேண்டுமென்று சாய்த்தது. வரிசையின் மற்ற 18 கற்களும் அங்கே இல்லை. அவை தாமாக நடந்து போயிருக்க முடியாது. எடுத்துப் போனவர்கள் பெரியதையும் சாய்க்க முயன்றிருப்பார்கள், உடைந்த பின் அந்த அளவு கல்லை நகர்த்த முடியாமல் விட்டிருப்பார்கள் என்பது இந்தப் பக்கத்தின் வாதம். காலம் கி.மு. 4000-ஐ ஒட்டி.

எனக்கு இரண்டாவதே கனமாகப் படுகிறது. காரணம் அடுத்த பகுதியில். முதல் விளக்கம் பெரிய கல் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறது. இரண்டாவது விளக்கம் அந்தக் கரையில் அதே காலத்தில் நடந்த ஒரு பெரிய மாற்றத்தோடு பொருந்துகிறது. இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம். நிலம் அதிர்ந்து பெரியது விழுந்ததைப் பார்த்துப் பயந்து மற்றவற்றை எடுத்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1970-களில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் அலெக்சாண்டர் தாம், இந்தக் கல் நிலவின் உதய மறைவுகளைக் குறிக்கும் தொலைதூரக் குறிக்கம்பம் என்றும், சுற்றுவட்டாரக் கற்களிலிருந்து இதைப் பார்த்துக் கணித்தார்கள் என்றும் சொன்னார். பார்வைப் புள்ளிகளாக அவர் எடுத்த சின்னங்கள் வெவ்வேறு காலத்தவை. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன என்று எடுத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அதனால் இன்று அதை ஏற்பவர்கள் குறைவு. இணையத்தில் மட்டும் அது இன்னும் முழு உண்மைபோல உலவுகிறது.

உடைந்த விலங்கின் இரண்டு பாதிகள்

நெடுங்கல்லிலிருந்து சில அடி நடந்தால் ஒரு கல்லறை: மர்ஷான் மேசை. அதன் கூரை ஒரே பெரிய பலகைக்கல். உள்ளே குனிந்து போய் அண்ணாந்து பார்த்தால் கோடரி ஒன்று செதுக்கியிருப்பது தெரியும். அதன் பக்கத்தில் ஒரு விலங்கின் உருவம், பாதியில் அறுந்து நிற்கும். கல் உடைந்த விளிம்பில் உருவமும் முடிந்துவிடும்.

ஏறத்தாழ 4 கி.மீ. தள்ளிக் கவ்ரினிஸ். 50 மீட்டர் அகலக் கற்குவை. உள்ளே 14 மீட்டர் நீள இடைகழி. இருபுறமும் நிற்கும் 29 கற்களில் 23 முழுக்கச் செதுக்கியவை. செதுக்கல் என்றால் அங்கொன்றும் இங்கொன்றும் அல்ல. விரல்ரேகையைப் பெரிதாக்கி ஒட்டியதுபோல, வளைவுக்குள் வளைவாகக் கல் முழுவதையும் நிறைத்திருக்கும். நடுநடுவே கோடரிகள், பாம்புகள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடுகள் எழுந்து நிற்கும். நேராகப் பிடித்தால் கல் மொழுமொழுவென்று ஒன்றும் இல்லாததுபோல ஆகிவிடும்.

1983–84-இல் ஷார்ல் தாங்கி லெ ரூ அங்கே பழுதுபார்ப்பு வேலை செய்தபோது, அறையின் கூரைக்கல்லின் மேற்புறம் வெளிப்பட்டது. கற்குவைக்குள் புதைந்து, கட்டிய நாள்முதல் யார் கண்ணிலும் படாமல் இருந்த பக்கம் அது. அதில் நீண்ட கொம்புள்ள மாடு ஒன்றும், இன்னொரு விலங்கின் ஒரு பகுதியும் செதுக்கியிருந்தன. அந்த இரண்டாவது விலங்கின் மிச்சம்தான் மர்ஷான் மேசையின் கூரையில் இருப்பது. கோடுகள் பொருந்தின, உடைந்த விளிம்புகளும் பொருந்தின. மூன்றாவது துண்டு, நெடுங்கல்லுக்குப் பக்கத்தில் சுமார் 140 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் எர் க்ரா மண்மேட்டின் கல்லறையில் மூடியாக இருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் 14 மீட்டர் உயரக் கல் ஒன்று. ஒரு காலத்தில் வெட்டவெளியில் நின்ற கல்.

இதிலிருந்து வரும் முடிவு பெரியது. முதலில் ஒரு தலைமுறை மக்கள் கற்களைத் திறந்த வெளியில், எல்லாரும் பார்க்க நட்டார்கள். சில நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் அவற்றைச் சாய்த்து, உடைத்து, மூடிய கல்லறைகளுக்குக் கூரையாக்கினார்கள். செதுக்கல் தெரியும்படி ஒரு கூரை. தெரியாதபடி இன்னொரு கூரை. நம் ஊரில் இடிந்த கோயிலின் கல்வெட்டுக் கற்கள் பின்னால் கட்டிய மண்டபத்தில் தலைகீழாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நம்பிக்கை மாறினதா, ஆட்சி மாறினதா, பழைய கல்லின் சக்தியைப் புதுக் கல்லறைக்குள் கொண்டுபோக நினைத்தார்களா? கற்கள் அதைச் சொல்லவில்லை. ஆனால் 18 வெற்றுக் குழிகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை இல்லை.

கடல் வழியே வந்தவை

இந்தக் கரைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கல்? செல்வம் வந்த வழியைப் பார்க்க வேண்டும். லொக்மாரியாக்கேரில் மானே எர் ரோயெக் என்ற மண்மேட்டை 1863-இல் திறந்தபோது 100-க்கும் மேற்பட்ட மெருகேற்றிய கோடரிகள் கிடைத்தன. அவற்றில் சில பச்சைக்கல்லால் ஆனவை. அந்தப் பச்சைக்கல் கிடைக்கும் இடம் இத்தாலிய ஆல்ப்ஸில் உள்ள விசோ மலை. அதோடு வாரிசைட் என்ற பச்சை மணிகள். அவை ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து வந்தவை. இந்தக் கோடரிகள் மரம் வெட்டிய கோடரிகள் அல்ல. கண்ணாடிபோல் மெருகிட்டு, கூரே மழுங்காமல், காட்டுவதற்காகவே வைத்திருந்தவை.

2019-இல் பெட்டினா ஷுல்ஸ் பால்சன் 2,410 கரிமக் காலக்கணிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார். ஐரோப்பாவின் பெருங்கற்சின்ன வழக்கம் வடமேற்குப் பிரான்சில் தொடங்கிக் கடல்வழியே பரவியது என்பது அவர் முடிவு. 2025-இல் வெளியான லெ பிளாஸ்கேர் அகழாய்வு முடிவுகள், கர்னாக் பகுதியின் கல்வரிசைகளும் கி.மு. 4600–4300 அளவிலேயே தொடங்கியதைக் காட்டின.

நெடுங்கல்லிலேயே, இன்று பெரிதும் தேய்ந்துபோன ஒரு செதுக்கல் இருக்கிறது. நெடுங்காலம் அதைக் கோடரியும் ஏரும் சேர்ந்த உருவம் என்று படித்தார்கள். உழவர்கள் வரைந்த ஏர் என்றால் எல்லாருக்கும் எளிதாகப் புரிந்தது. செர்ஜ் கசென் என்ற ஆய்வாளர் வேறு மாதிரி பார்த்தார்: பெரிய சதுரத் தலை, குறுகும் உடல், பிளந்த வால். அது எண்ணெய்த் திமிங்கிலம் என்றார். எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் கரையில் நின்று பார்த்தால் ஏரைவிடத் திமிங்கிலம் பொருந்தி வருகிறது. வளைகுடாவின் வாயில், உள்ளே வருகிற ஒவ்வொரு படகுக்கும் தெரியும்படி நிற்கும் 18 மீட்டர்க் கல்லில் கடலின் மிகப் பெரிய உயிரைச் செதுக்குவது இயல்பான காரியம்.

பட்டியலில் ஏறியதால் என்ன மாறும்

யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது ஒற்றைக் கல் அல்ல. 550-க்கும் மேற்பட்ட சின்னங்களும் அவை நிற்கும் நிலப்பரப்பும். பெயரிலேயே கரையோரம் என்று சேர்த்திருக்கிறார்கள். அது சரியான முடிவு. ஆனால் காப்பாற்றும் வேலை அதனால் எளிதாகவில்லை.

1. கட்டுமானம். கர்னாக்கில் கடை ஒன்று கட்டுவதற்காக 39 சிறு கற்கள் அகற்றப்பட்டதாக 2023-இல் செய்தி வந்து பெரும் சர்ச்சையானது. அவை கற்காலத்தவையா என்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. இடுப்புயரம்கூட இல்லாத கற்களைப் பார்த்தால் வயல் ஓரக் கல் என்றே தோன்றும். பெரிய கல்லுக்கு வேலி போட்டுக் காப்பதும் சின்னக் கல்லை ஜேசிபி தள்ளிவிடுவதும் ஒரே ஊரில் நடக்கக்கூடியவை.

2. காலடி. கர்னாக் கல்வரிசைகளில் 3,000 அளவு கற்கள் உண்டு. கூட்டம் மிதித்து மிதித்துப் புல் அழிந்து, மண் அரித்து, கற்களின் அடி வெளியே தெரியத் தொடங்கியது. 1991 முதல் வேலி. கோடையில் வழிகாட்டியோடு மட்டும் உள்ளே போகலாம். எர் லானிக் இன்று பறவைகள் காப்பிடம். யாரும் இறங்கக் கூடாது. கவ்ரினிஸ் போகும் படகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. கடல். அன்று மெதுவாக ஏறி வளைகுடாவை உருவாக்கிய அதே கடல், இப்போது புவி வெப்பமாவதால் மீண்டும் வேகமாக ஏறுகிறது. 2013–14 குளிர்காலப் புயல்கள் பிரிட்டனிக் கரையைக் கடுமையாக அரித்தன. கரையோரத்தில் உள்ள சின்னம் எதுவானாலும் மண் சரிந்தால் போய்விடும்; எர் லானிக்கின் சரிவும் அப்படிப்பட்டதுதான்.

உடைந்த நெடுங்கல் உடனடி ஆபத்தில் இல்லை. அது சற்று உள்ளே தள்ளி, மேட்டில் கிடக்கிறது. அவசரம் எர் லானிக்குக்குத்தான். அதன் தெற்கு வளைவின் கற்கள் மிகப் பெரிய ஓதம் முழுதாக வற்றும் நாட்களில் மட்டும், பாசி படிந்த தலையைக் கொஞ்ச நேரம் வெளியே காட்டும். அளப்பவர்களும் படம்பிடிப்பவர்களும் அந்த நேரத்துக்காகப் படகில் காத்திருக்க வேண்டும். நீர் திரும்பிவிட்டால் பெண்குதிரை யாரையும் நிற்க விடாது. கடல் ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அந்த நேரத்திலிருந்துதான் கழிகிறது.